கல்வராயன் மலையிலிருந்து அறுவை அரங்கு வரை

கல்வராயன் மலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேகம் அருவியில் தொடங்கிக் கள்ளச்சாராயத்தில் முடிப்பார்கள். தேன், கடுக்காய், மரவள்ளி என்று மலையின் விளைபொருள்களைச் சொல்வோரும் உண்டு. இந்தக் கட்டுரை வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது. அந்த மலையில் உதடு பிளந்தோ, பாதம் உட்புறமாக வளைந்தோ, மலவாய் திறக்காமலோ ஒரு குழந்தை பிறந்தால் அதை எங்கே கொண்டுபோனார்கள்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கே, முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கே, இன்று எங்கே?

இது ஒரு மலைக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. உலகில் 170 கோடிக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அறுவைச் சிகிச்சை எட்டாத நிலையில் இருக்கிறது என்று 2019-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறியது. சிகிச்சை எட்டுகிறதா என்பதை அளக்க, 2015-ல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை நான்கு நிபந்தனைகளை வகுத்திருந்தது. உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடிய வேண்டும். அங்கே செய்வதற்கு ஆளும் கருவியும் இருக்க வேண்டும். சிகிச்சை பாதுகாப்பாக நடைபெற வேண்டும். அதற்கான செலவு குடும்பத்தைக் கடனில் தள்ளக் கூடாது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் எட்டாதது என்றே கணக்கு. கல்வராயன் மலையின் கதையை இந்த நான்கு பூட்டுகளின் கதையாகவும் சொல்லலாம். எந்தப் பூட்டு முதலில் திறந்தது, எது இன்னும் இறுகிக் கிடக்கிறது என்பதில்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

முதலில் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், இன்றைய கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். கோமுகி ஆறு இங்குதான் பிறக்கிறது. மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களது மரபுக்கதைகள் சொல்கின்றன.

1906-ல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. ஃபிரான்சிஸ் இம்மலையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலேய நிர்வாகத்தின் பார்வையில் அது காட்டு மரமும் மலைக்காய்ச்சலும் நிறைந்த ஓர் ஒதுக்குப்புறம். மலையின் நிர்வாகமோ சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்து உரிமை என்று மரபு கூறும் இந்த ஏற்பாடு, வெள்ளையர் போன பின்னும் நீடித்தது. ஜாகிர்தாருக்கு வரி கொடுப்பதோடு கூலியில்லா உழைப்பும் தர வேண்டியிருந்தது. 1976-ல்தான் ஜாகிர் முறை முடிவுக்கு வந்து அரசு மலையை நேரடியாக ஏற்றுக்கொண்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே அரசு நிர்வாகம் முழுமையாக மலையேறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மருத்துவம் ஏன் தாமதமாயிற்று என்பது விளங்கும்.

அதே காலத்தில் மலைக்குக் கீழே, சென்னையிலும் வேலூரிலும் என்ன நடந்துகொண்டிருந்தது?

குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை தனித்துறையாக வளர்ந்தது மிக அண்மையில்தான். பாஸ்டனில் வில்லியம் லாட் 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அதற்கு அடித்தளமிட்டார். உணவுக்குழாய் இணையாமல் பிறந்த குழந்தையை ஒரே அறுவையில் இணைத்து முதன்முதலில் பிழைக்க வைத்தவர் அமெரிக்காவின் கேமரான் ஹெய்ட், ஆண்டு 1941. அதுவரை அக்குறையோடு பிறந்த குழந்தைகள் அநேகமாக இறந்தே போயின. குழந்தை என்பது சிறிய அளவிலான பெரியவர் அன்று என்னும் எளிய உண்மைதான் இத்துறையின் ஆதாரம். 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தம் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர். பெரியவருக்கு ஒரு பொருட்டாகாத இரத்த இழப்பு அதன் உயிரைக் குடித்துவிடும். உடல் வெப்பம் நிமிடங்களில் இறங்கும். மருந்தின் அளவை எடைக்கேற்ப நுணுகிக் கணக்கிட வேண்டும். மூச்சுக்குழலில் செலுத்தும் குழாய் முதல் நரம்பில் ஏற்றும் ஊசி வரை எல்லாமே தனி அளவு.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கி இருக்கவில்லை. சென்னையில் குழந்தை மருத்துவத்துக்கு எஸ்.டி. ஆச்சார் வழிவகுத்தார். குழந்தை அறுவை மருத்துவத்தை எம்.எஸ். இராமகிருஷ்ணன் வளர்த்தார். இந்தியக் குழந்தை அறுவை மருத்துவர் சங்கம் 1965-ல் தோன்றியது. அதையொட்டி 1960-களின் நடுவிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான எம்.சி.எச். மேற்படிப்பும் தொடங்கப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் 1940-களின் இறுதியிலேயே நெஞ்சறுவைத் துறையை நிறுவியிருந்தார். ஆக, கல்வராயன் மலையில் ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், பறவை பறக்கும் தொலைவில் இருந்த வேலூரில் மார்பைத் திறந்து இதய நோய்க்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். அறிவும் திறமையும் மாநிலத்துக்குள்ளேயே இருந்தன. மலைக்கும் அவற்றுக்கும் இடையே வழிதான் இல்லை.

வழி இல்லாததற்குச் சாலை மட்டும் காரணம் அன்று. பொதுச் சுகாதாரச் சிந்தனையும் ஒரு காரணம். 1978-ல் அல்மா-ஆட்டா மாநாடு எல்லோர்க்கும் நலவாழ்வு என்று முழங்கியது. அதையடுத்த ஆண்டிலேயே, எல்லாவற்றையும் செய்யப் பணம் போதாது, குறைந்த செலவில் அதிக உயிர் காப்பவற்றை மட்டும் முதலில் செய்வோம் என்ற கருத்து வலுப்பெற்றது. தடுப்பூசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், வளர்ச்சிக் கண்காணிப்பு ஆகியவை முன்னுக்கு வந்தன. அவை கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை நகரத்துப் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. 1980-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஹால்ஃப்டான் மாலர், மெக்சிகோ நகரில் அறுவை மருத்துவர்களிடையே பேசும்போது இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டினார். அப்பேச்சுக்குச் செவிசாய்க்க உலகம் 35 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2015-ல் உலகச் சுகாதாரப் பேரவை அறுவைச் சிகிச்சையை அனைவர்க்குமான நலவாழ்வின் பகுதியாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு பெருந்தொகுப்பு, எந்த ஏழை நாட்டிலும் இருந்தாக வேண்டியவை என்று 44 அறுவைச் சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. உதட்டுப் பிளவும் வளைபாதமும் மலவாய்க் குறையும் அந்தப் பட்டியலில் உண்டு.

உலகம் பேசிக்கொண்டிருந்த இடைக்காலத்தில் மலையடிவாரத்தில் ஒரு காரியம் நடந்தது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவரது மனைவி மருத்துவர் லலிதாவும் அங்கே குடியேறினார்கள். அப்போது அருகிலிருந்த மருத்துவமனை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால் 100 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 பேர் ஓராண்டு நிறையும் முன் இறந்துகொண்டிருந்தனர். ஒரு குடிசையில் தொடங்கிய அவர்களது மருத்துவமனை, சில ஆண்டுகளில் அறுவை அரங்கோடு கூடியதாக வளர்ந்தது. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியர் பணியில் அமர்த்தினார்கள். ஊரில் மதிப்புள்ள மூத்த பெண்கள் நலப்பணியாளர் ஆனார்கள். சிசு மரணம் பன்மடங்கு குறைந்தது. இரு மலைகளிலிருந்தும் மக்கள் அங்கே இறங்கி வந்தார்கள்.

சிட்டிலிங்கியைப் பற்றி எழுதுவோர் அவ்விருவரின் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அங்கே இருக்கிறது. லலிதா மகப்பேறு மருத்துவர். ரெஜி மயக்கவியல் மருத்துவர். கத்தி பிடிக்கும் ஒருவரும் மயக்கமருந்து கொடுக்கும் ஒருவரும் ஒரே ஊரில் தங்கினார்கள். ஓர் அறுவை அரங்கின் மிகச்சிறிய அலகு இதுதான். இந்நாட்டில் அரங்கு கட்டப்பட்டும் பூட்டிக் கிடக்கும் மருத்துவமனைகளில் கட்டிடமும் விளக்கும் மேசையும் இருக்கும், இரண்டாமவர்தான் இருக்கமாட்டார். பிரசவ அறுவையில் இத்தட்டுப்பாட்டை அரசு உணர்ந்தது. எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவருக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அவசர மகப்பேற்று மயக்கமருந்தைக் கையாள வைக்கும் திட்டம் நாடெங்கும் வந்தது. தாய்மார் பலர் பிழைக்க அது உதவியது. ஆனால் அந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்த முடியாது. தாய்க்குத் திறந்த கதவு சேய்க்குத் திறக்கவில்லை.

இனி அரசின் பங்கு. பணம் என்னும் பூட்டைத் திறந்ததில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்று. 2008-ல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டுக் குழந்தைகளுக்கான இதய அறுவைச் செலவை அரசு ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் 108 அவசர ஊர்தி வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுவடிவம் பெற்றது. 2013-ல் நடுவண் அரசின் சிறார் நலத் திட்டம் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதித்து, உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவிக் கண்புரை, பிறவி இதயக் குறை போன்றவற்றைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அதன் பணி. ஒரு தலைமுறைக்கு முன் நிலத்தை விற்று, அதுவும் இல்லாதவர் கைவிட்ட சிகிச்சைகள் இன்று காகித அளவில் இலவசம். இதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகெட்ட செயலாகும்.

ஆனால் இலவசம் என்பதால் மட்டும் மக்கள் வந்துவிடுவதில்லை என்பதைத் தமிழ்நாட்டிலேயே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களைக் குறித்து 1999-ல் வெளியான ஆய்வு அது. கண்ணில் குறையுள்ள கிராமத்தாரில் இலவச முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேர் அளவில்தான். அச்சம், அழைத்துப்போக ஆளில்லாமை, வேலையை விட முடியாமை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அங்கே பேசப்பட்டது பெரியவர்களின் கண். தானாக நடந்து வரக்கூடிய பெரியவருக்கே இந்த நிலை என்றால், பிறர் தூக்கிவர வேண்டிய குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைக்கு மேலும் ஓர் இடர் உண்டு. அதன் அறுவைச் சிகிச்சைக்குக் கெடு இருக்கிறது. மலவாய் திறக்காமல் பிறந்த குழந்தைக்கு அது மணிக்கணக்கு. இரண்டு, மூன்று நாள்களில் வயிறு உப்பிக் குடல் கெடத் தொடங்கும். பிறவிக் கண்புரைக்கு வாரக்கணக்கு. அதற்குப் பின் புரையை எடுத்தாலும் பார்வையைப் பழகாத மூளை பார்க்காது. உதட்டுப் பிளவுக்கு மாதக்கணக்கு. ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் உதட்டையும், ஓராண்டை ஒட்டி அண்ணத்தையும் தைப்பது வழக்கம். அண்ணத்தைத் தைக்கத் தாமதித்தால் பேச்சு குழறும். கிரகணத்தன்று கருவுற்றவள் வெளியே வந்ததால் உதடு பிளந்தது என்று நம்பும் ஊர்களில், தாய் குற்றவாளியாகி நிற்கும்போது இந்தக் கெடுவை யார் எண்ணுவது?

வளைபாதத்தை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் பணியாற்றிய ஸ்பானியரான இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறைதான் இன்று எங்கும் வழக்கில் உள்ளது. வாரத்துக்கொரு முறை மாவுக்கட்டு மாற்றி, ஐந்தாறு வாரங்களில் பாதத்தை நேராக்கி, குதிகால் நரம்பைச் சிறிதே வெட்டி நீட்ட விடுவார்கள். பெரிய அரங்கு வேண்டாம். முழு மயக்கமும் பெரும்பாலும் வேண்டாம். மலிவான சிகிச்சை. ஆனால் வாரந்தோறும் குழந்தையைக் கொண்டுவர வேண்டும். பிறகு மூன்று மாதம் இடையறாமலும், நான்கு வயதுவரை இரவிலும் சிறப்புக் காலணி அணிவிக்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. காப்பித் தோட்ட வேலைக்குப் பருவந்தோறும் வெளியூர் போகும் குடும்பம் என்றால் சிகிச்சை பாதியில் நிற்கும். பாதம் மறுபடி வளையும். காப்பீட்டு அட்டை மாவுக்கட்டுக்குப் பணம் தரும். போன கூலியைத் தராது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில், மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாகச் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. நூறாண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் பெரும் பாய்ச்சல். ஆயினும் 2024 சூனில் கருணாபுரம் நச்சுச் சாராயத்தால் மக்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தபோது, அவர்களைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் பிரித்தனுப்ப வேண்டியிருந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரை அடுத்துக் கல்வராயன் மலை மக்களின் சாலை, கல்வி, மருத்துவ வசதி பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மலையின் மருத்துவ நிலை நீதிமன்றத்தில் பேசப்படுவதற்கு இத்தனை சாவுகள் தேவைப்பட்டன என்பது வேதனை.

கட்டிடம் எழுந்துவிட்டது, ஆள் வேண்டும். குழந்தை அறுவை மருத்துவர் ஒருவர் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சி.எச். என்று ஏறிவர ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகும். அத்தகையவரை வெள்ளிமலையில் அமர்த்துவது நடவாத காரியம்; தேவையும் அன்று. ஆண்டில் ஓரிரு சிக்கலான அறுவை மட்டுமே செய்யும் கை பழக்கம் இழக்கும். குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்கான உலகளாவிய கூட்டமைப்பு 2016-ல் உருவாகி, தன் மூன்றாவது கூட்டத்தை 2018 சனவரியில் நம் வேலூரிலேயே நடத்தியது. ஆரம்ப நிலையத்தில் என்ன, மாவட்ட மருத்துவமனையில் என்ன, உயர்நிலை மையத்தில் என்ன இருக்க வேண்டும் என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் ஆவணம் ஒன்றை அக்கூட்டமைப்பு உருவாக்கியது. அந்தப் பார்வை கல்வராயனுக்கு நன்றாகப் பொருந்தும்.

மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டியது, பிறந்த குழந்தையைத் தலை முதல் கால் வரை திருப்பிப் பார்க்கப் பயின்ற செவிலியர். மலவாய் இருக்கிறதா, அண்ணம் மூடியிருக்கிறதா, கண்மணி வெளுத்திருக்கிறதா, பாதம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கருவி ஒன்றும் வேண்டாம். குறை தெரிந்தால் குழந்தையைக் கதகதப்பாகச் சுற்றி, நீர்ச்சத்து ஏற்றி, எங்கே அனுப்புவது என்று ஐயமின்றித் தெரிந்த ஊர்தியில் ஏற்ற வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் குடலிறக்கமும் மாவுக்கட்டும் அவசரக் குடல் திறப்பும் நடக்க வேண்டும். அதற்குக் குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப் பழகிய ஒருவர் அங்கே நிலைத்திருக்க வேண்டும். மற்றவை சேலத்துக்கும் ஜிப்மருக்கும் எழும்பூருக்கும் போகட்டும். போகும் தாய் தங்கவும் உண்ணவும் இடமும், இழந்த கூலிக்கு ஈடும் திட்டச் செலவிலேயே சேர வேண்டும். திரும்பி வந்தபின் காலணி மாட்டியிருக்கிறதா என்று வீடு தேடிப் பார்க்க, சிட்டிலிங்கியில் இருந்ததுபோல் அந்த ஊர்ப் பெண்ணே நலப்பணியாளராக இருக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1941-ல் முடியாததாயிருந்தவை 1966-க்குள் சென்னையில் முடிந்தன. பணம் தடையாக இருந்தது 2012-க்குள் பெருமளவு நீங்கியது. எஞ்சியிருப்பவை பார்க்கும் கண்ணும், கொண்டுசேர்க்கும் வண்டியும், மாவட்டத்தில் தங்கும் மயக்கவியல் மருத்துவரும், தாயின் ஒரு நாள் கூலியும். கல்வெட்டில் பொறிக்கவோ ரிப்பன் வெட்டித் திறக்கவோ ஏற்றவையாக இவை இல்லாததாலேயே இவை கடைசிவரை நின்றுவிடுகின்றன போலும். ஆயினும் மலையில் இன்றிரவு பிறக்கும் ஒரு குழந்தையின் கெடு இவற்றை வைத்துத்தான் எண்ணப்படுகிறது.